டிராகனுக்குள் சால்மன் எப்படி வந்தது?

கேள்வி: ஃபின்னிஷ் மொழியில் டிராகனை ‘லொஹிகேர்மே’ என்கிறார்கள். லொஹி என்றால் சால்மன் மீன், கேர்மே என்றால் பாம்பு. நெருப்பு கக்கும் டிராகனுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இதை என் மகள் என்னிடம் எப்போதோ கேட்டுவிட்டாள். ஹெல்சிங்கியில் நாங்கள் இருந்தபோது அவளுக்கு ஐந்து வயது. காப்பகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அடிக்கடி லொஹிகெய்த்தோ, அதாவது உருளைக்கிழங்கு போட்ட சால்மன் சூப். அதனால் லொஹி அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் டிராகன் வரைந்து கொண்டுவந்தாள். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் துடுப்பு, உடம்பெல்லாம் ஆரஞ்சு கிரேயான். “பேர்லயே மீன் இருக்கே அம்மா!”

உண்மையில் அந்தப் பெயரில் இருந்தது இறக்கைதான். பழைய ஸ்வீடிஷில் ‘ஃப்ளோக்த்ராகி’ என்றொரு சொல் உண்டு. பறக்கும் டிராகன் என்று பொருள். 1809 வரை பல நூற்றாண்டுகள் ஃபின்லாந்து ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. ஸ்வீடிஷ் சொற்கள் ஏராளமாக வந்து சேர்ந்தன. ஆனால் அன்றைய ஃபின்னிஷில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வராது, ‘ஃப’ ஒலியும் கிடையாது. நாம் ஸ்கூலுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தை ஒட்டி ‘இஸ்கூல்’ என்போம். அவர்கள் முன்னால் இருக்கும் மெய்யை வெட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடமான ‘ஸ்கோலா’ அப்படித்தான் கோவுலு ஆனது, கண்ணாடியான ‘க்ளாஸ்’ லாசி ஆனது. ஸ்டாக்ஹோமே துக்ஹோல்மா ஆகிவிட்டது! ‘ஃப்ளோக்’ தலையை இழந்ததும் மிஞ்சிய ஒலி லொஹியை ஒத்திருந்தது. லொஹியோ எல்லா வீட்டிலும் புழங்கும் மீன் பெயர். காது தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டது. பின்பாதியை மட்டும் மொழிபெயர்த்து, பாம்பு என்று வைத்தார்கள்.

சரி, மீன் கதை முடிந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது பாம்புதான். கேர்மே என்ற சொல் பால்டிக் மொழிகளிலிருந்து ஃபின்னிஷுக்கு மிகப் பழங்காலத்தில் வந்தது. லிதுவேனிய மொழியில் இன்றும் ‘கிர்மிஸ்’ என்றால் புழு. அதே வேரில் பிறந்ததுதான் சமஸ்கிருதத்தின் ‘க்ருமி’. அது தமிழுக்கு வந்து, “கையைக் கழுவு, கிருமி இருக்கும்” என்று நான் மகளிடம் தினமும் சொல்லும் கிருமி ஆகியிருக்கிறது.