முப்பது வருட விஸ்கியில் ஐஸ் போட்டால்

வணக்கம். முப்பது வருட ஸ்பேசைட் (ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி) சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி, ஆல்கஹால் 43 சதவீதம். ஐஸும் சோடாவும் சேர்த்துக் குடித்தால் சப்பென்று இருந்தது, போலிச் சரக்கோ என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. குளிரில் வாசம் எழும்பாது. மிச்சமிருந்ததை சோடா அடித்துக்கொண்டு போயிருக்கும்.

ஸ்காட்லாந்துக் கிடங்கில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். அந்த ஊர் ஈரக்குளிரில் வீரியமும் மெல்ல இறங்கும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்காட்ச் என்றே விற்க முடியாது. உங்களுடையது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதிகத் தண்ணீர் தாங்காது.

சாப்பாட்டுக்கு முன்னால், வாய் குறுகிய துலிப் வடிவக் கிளாஸில் 20 மில்லி ஊற்றுங்கள். ஊதுபத்தி, சென்ட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். கால் மணி நேரம் சும்மா விடுங்கள். அப்புறம் வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதலில் மெழுகு, பழைய மர அலமாரியைத் திறந்த வாசம் வரலாம். எனக்கு ஒருமுறை வெகுநேரம் கழித்துப் பழுத்த அன்னாசி எட்டிப்பார்த்தது. சின்ன மிடறு, நாக்கில் உருட்டி விழுங்குங்கள். இன்னும் வாசம் விரியாமல் இறுக்கமாகத் தோன்றினால் ஸ்ட்ராவால் ஒரு சொட்டுத் தண்ணீர். ஒன்றே ஒன்று!

காலிக் கிளாஸை உடனே கழுவாதீர்கள், காலையில் முகர்ந்து பாருங்கள். பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் கார்க் ஊறி உதிர்ந்துவிடும்.