முதல் பிழை எங்கே? ஜிசிசி பில்ட் கேள்வி-பதில்

ஜிசிசி கம்பைலரை (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருளை) மூலநிரலிலிருந்து பில்ட் செய்யப்போய், அதாவது உருவாக்கப்போய், பாதி வழியில் நின்றவர்களின் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள்: திரையின் கடைசி வரியை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள். மூன்று நட்சத்திரக் குறியோடு வரும் 'எரர் 2' என்ற வரி, பில்ட் நின்றுவிட்டது என்று மட்டுமே சொல்லும். ஏன் நின்றது என்பது அதற்கு வெகு மேலே இருக்கும். பல கோர்களில் இணையாக ஓடவிட்டிருந்தால், ஒரு வேலை விழுந்த பிறகும் மற்றவை எழுதிக்கொண்டே போவதால் அது இன்னும் மேலே போய்விடும். வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து, 'எரர்' என்ற சொல்லும் அதையொட்டி முக்காற்புள்ளியும் முதன்முதலாக வரும் இடத்தைத் தேடுங்கள்.

கே: கம்பைலரைக் கம்பைல் செய்வதற்கே ஒரு கம்பைலர் கேட்கிறது. எங்கள் ஆய்வகச் சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓடுகிறது. அதிலிருக்கும் ஜிசிசி 4.8.5 போதுமா? எனக்கு ரூட் (நிர்வாகி) அனுமதியும் இல்லை.

ப: ஜிசிசி 1987-இல் வெளிவந்தபோது சி மொழியில் எழுதப்பட்ட சி கம்பைலர். 2013-இல் வந்த 4.8 முதல் அதை பில்ட் செய்ய சி++ கம்பைலர் தேவை. 2021-இல் வந்த 11 முதல் சி++11 தெரிந்த கம்பைலர் வேண்டும். உங்கள் 4.8.5-க்கு அது தெரியும். ஆகவே 11-ஐ நேரடியாகவே முயலலாம். அதைவிடப் புதிய பதிப்பில் இடறினால் நடுவில் ஒரு படி வையுங்கள்: முதலில் 9.5, பிறகு அதைக் கொண்டு புதியது.

ரூட் அனுமதி இல்லாதது ஒரு குறையே இல்லை. கான்ஃபிகர் செய்யும்போது (பில்டுக்கு முன் கணினியைச் சோதித்து அமைப்புகளைத் தீர்மானிக்கும் ஸ்கிரிப்டை ஓட்டும்போது) நிறுவும் இடத்தைச் சொல்லும் 'பிரிஃபிக்ஸ்' ஆப்ஷனில் உங்கள் ஹோம் கோப்புறைக்குள் ஓர் இடத்தைக் கொடுங்கள். அனுமதி இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சிஸ்டத்தோடு வந்த கம்பைலரின் மேல் உங்களுடையதை எழுதிவிட்டால், அதை நம்பியிருக்கும் மற்ற தொகுப்புகள் எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று: மூலநிரல் கோப்புறைக்குள்ளேயே கான்ஃபிகரை ஓட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு காலிக் கோப்புறை திறந்து அங்கிருந்து ஓட்டுங்கள். ஏதாவது தவறினால் அந்தக் கோப்புறையை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், மூலநிரல் சுத்தமாக இருக்கும்.

கம்பைலர் புதியதானாலும் உங்கள் சர்வரின் ஜிலிப்சி (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்) பழைய 2.17-தான். இது ஒருவகையில் உங்களுக்குச் சாதகம். அங்கே உருவாகும் நிரல்கள் புதிய லினக்ஸ்களிலும் பொதுவாக ஓடும். புதியதில் உருவாக்கியதைப் பழையதில் ஓட்டுவதுதான் சிக்கல். ஆனால் சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டது. இதை உங்கள் நிர்வாகியிடம் நினைவூட்டுங்கள்.

கே: கான்ஃபிகர் எந்தக் குறையும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு 'கேனாட் கம்ப்யூட் சஃபிக்ஸ் ஆஃப் ஆப்ஜெக்ட் ஃபைல்ஸ்' என்று நின்றுவிட்டது. 'கான்ஃபிக்.லாக்' கோப்பைப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ப: இந்த மாதம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். ஆப்ஜெக்ட் கோப்பின் (கம்பைலர் வெளியிடும் இடைக்கோப்பின்) பின்னொட்டு '.ஓ' என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதைக் கணக்கிட முடியவில்லை என்றால் என்ன பொருள்? இந்த இடத்தில் நடப்பது இதுதான். பில்ட் தன் முதல் கட்டக் கம்பைலரை உருவாக்கி முடித்துவிட்டது. அடுத்து, அந்தப் புதுக் கம்பைலரிடம் இரண்டு வரி சி நிரல் ஒன்றைக் கொடுத்து, என்ன கோப்பு வெளிவருகிறது என்று பார்க்கிறது. எதுவுமே வெளிவரவில்லை. பிறந்த கம்பைலரால் எழுந்து நிற்க முடியவில்லை என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள்.

நீங்கள் பார்த்த கோப்பு சரியான கோப்பு அல்ல. பில்ட் கோப்புறையில் கான்ஃபிக்.லாக் ஒன்றல்ல, துணைக் கோப்புறைக்கு ஒன்றாகப் பல இருக்கும். உங்களுக்கு வேண்டியது, இயந்திரத்தின் பெயரைத் தாங்கிய கோப்புறைக்குள் (64 பிட் லினக்ஸில் 'எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-க்னூ' போல இருக்கும்) 'லிப்ஜிசிசி' என்பதற்குள் இருப்பது. அதைத் திறந்து, புதுக் கம்பைலரை அழைத்த வரிக்கு அடுத்த வரியைப் படியுங்கள். பெரும்பாலும் எம்பிஎஃப்ஆர் அல்லது எம்பிசி என்ற கணித நூலகத்தின் '.எஸ்ஓ' கோப்பை (ஓடும்போது ஏற்றப்படும் நூலகக் கோப்பை)த் திறக்க முடியவில்லை என்று இருக்கும். தொடக்கக் காலத்தில் நானும் மேலேயிருந்த கோப்பையே திரும்பத் திரும்பப் படித்து இரண்டு இரவுகளைக் கழித்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

காரணம் எளிது. ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய மூன்று கணித நூலகங்களும் ஜிசிசிக்குக் கட்டாயம். நிரலில் உள்ள மாறிலிகளைக் கம்பைல் நேரத்திலேயே துல்லியமாகக் கணக்கிட அவை தேவைப்படுகின்றன. நீங்கள் அவற்றைத் தனியாக பில்ட் செய்து ஹோமில் நிறுவி, கான்ஃபிகருக்கு 'வித்-எம்பிஎஃப்ஆர்' என்று இடம் காட்டியிருப்பீர்கள். இணைக்கும்போது அது போதும். ஓடும்போது நூலகத்தைத் தேடுவது இயங்குதளத்தின் லோடர் (நிரலை நினைவகத்தில் ஏற்றும் பகுதி), அதற்கு உங்கள் கான்ஃபிகர் வரி தெரியாது. 'எல்டி_லைப்ரரி_பாத்' மாறியில் அந்தப் பாதையைச் சேர்த்தால் வேலை நடக்கும். ஆனால் அந்தக் கம்பைலரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் அதைச் சேர்த்தாக வேண்டும்.

இதைவிட நல்ல வழி ஜிசிசி மூலநிரலிலேயே இருக்கிறது. 'கான்ட்ரிப்' கோப்புறையில் 'டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ்' என்ற ஸ்கிரிப்டை மூலநிரல் கோப்புறையிலிருந்து ஓட்டுங்கள். பொருத்தமான பதிப்புகளை அதுவே இறக்கி உள்ளேயே வைத்துவிடும். அவை கம்பைலரோடு சேர்ந்தே பில்ட் ஆகி அதற்குள்ளேயே இணைந்துவிடுவதால், வெளியே தேட வேண்டிய தேவையே எழாது. பிறகு பழைய பில்ட் கோப்புறையை முழுவதும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய கான்ஃபிகர் முடிவுகள் அங்கேயே தேங்கிக் கிடக்கும், அவற்றின் மேல் மறுபடி ஓட்டினால் பழைய பிழையே திரும்பி வரும்.

கே: உபுண்டுவில் 'ஸ்டப்ஸ்-32.எச்' கோப்பைக் காணோம் என்கிறது. என் கணினி 64 பிட்தானே?

ப: ஆம், ஆனால் ஜிசிசி இயல்பாகவே 32 பிட் நூலகங்களையும் சேர்த்து பில்ட் செய்யப் பார்க்கிறது. வேண்டாமென்றால் கான்ஃபிகரில் '--டிசேபிள்-மல்டிலிப்' கொடுங்கள். வேண்டுமென்றால் 32 பிட்டுக்கான சி நூலகத் தொகுப்பை நிறுவுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம்.

கே: 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் எட்டு வேலைகளாக இணையாக ஓட்டினேன். 'இன்டர்னல் கம்பைலர் எரர்: கில்ட்' என்று வந்தது. ஜிசிசியில் பிழையா?

ப: இல்லை. நினைவகம் தீர்ந்து, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் அந்தச் செயலாக்கத்தை நிறுத்தியிருக்கிறது. 'டிமெஸ்க்' கட்டளையின் வெளியீட்டில் அதன் தடயம் இருக்கும். இணை வேலைகளை இரண்டாகக் குறையுங்கள், நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் ஸ்வாப் இடத்தைக் கூட்டுங்கள். வேண்டாத மொழிகளையும் விட்டுவிடலாம்: '--எனேபிள்-லாங்வேஜஸ்' ஆப்ஷனில் சி, சி++ மட்டும் கொடுங்கள். நின்ற இடத்திலிருந்து, பில்டை நடத்தும் 'மேக்' (make) கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும், முடிந்த வேலைகளை அது திரும்பச் செய்யாது.

கே: ஏன் ஒரே கம்பைலரை மூன்று முறை பில்ட் செய்கிறது? நேரம் வீண்தானே?

ப: வீண் அல்ல. முதல் முறை உங்கள் பழைய கம்பைலர் புதியதை உருவாக்குகிறது. இரண்டாம் முறை அந்தப் புதியது தன்னையே உருவாக்குகிறது. மூன்றாம் முறை, அப்படி உருவானது மீண்டும் தன்னை உருவாக்குகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மூலநிரலிலிருந்து, ஒரேபோல் நடந்துகொள்ள வேண்டிய கம்பைலர்களால் வந்தவை. எனவே அவற்றின் ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒத்திருக்க வேண்டும். பில்ட் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறது. 'பூட்ஸ்ட்ராப் கம்பாரிசன் ஃபெயிலியர்' வந்தால் உங்கள் பழைய கம்பைலரையோ, பழுதான ராமையோ, புதிய கம்பைலரையே கூடவோ சந்தேகிக்க வேண்டியிருக்கும். கம்பைலர் தன் மீது தானே நடத்தும் இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஜிசிசியின் நிரலைத் திருத்தித் திருத்திப் பார்ப்பவர்கள் '--டிசேபிள்-பூட்ஸ்ட்ராப்' கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்தலாம். அன்றாட வேலைக்கு நிறுவப்போகும் கம்பைலருக்கு அதைச் செய்யாதீர்கள்.

கே: ஆப்பிள் மேக் கணினியில் 'ஸ்டிடிஐஓ.எச்' கோப்பே கிடைக்கவில்லை. அதுவும் எம்2 சில்லு.

ப: முதலில், மேக்கில் 'ஜிசிசி' என்று தட்டினால் ஓடுவது ஜிசிசி அல்ல, ஆப்பிளின் கிளாங் என்ற வேறு கம்பைலர். பில்டைத் தொடங்க அதுவே போதும். 2018-இல் வந்த மேக்ஓஎஸ் 10.14 முதல் ஸ்டிடிஐஓ.எச் போன்ற தலைப்புக் கோப்புகள் வழக்கமான '/யுஎஸ்ஆர்/இன்க்லூட்' இடத்தில் இருப்பதில்லை, எஸ்டிகே என்ற மென்பொருள் உருவாக்கத் தொகுப்புக்குள் இருக்கின்றன. 'எக்ஸ்சிரன்' கட்டளையிடம் எஸ்டிகேயின் பாதையைக் கேட்டு, அதைக் கான்ஃபிகருக்கு '--வித்-சிஸ்ரூட்' வழியாகக் கொடுங்கள். உங்கள் சில்லுதான் பெரிய சங்கதி. 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறிய பிறகு அதற்கான ஜிசிசி ஆதரவு தனிக் கிளையாகவே வளர்ந்தது. மேக்குக்கான மென்பொருள் நிறுவு கருவியான ஹோம்ப்ரூ, அந்தக் கிளையின் திருத்தங்களைச் சேர்த்துத்தான் தருகிறது. கற்றுக்கொள்வதற்காக அல்லாமல் வேலைக்காக என்றால் ஹோம்ப்ரூவிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக பில்ட் செய்கிறேன். கான்ஃபிகர் ஸ்கிரிப்டே ஓடவில்லை. '\ஆர்' என்று ஏதோ சொல்கிறது.

ப: மூலநிரலை விண்டோஸ் பக்கத்து கிட் (மூலநிரலின் பதிப்புகளைக் கையாளும் கருவி) வழியாக எடுத்திருப்பீர்கள். அது வரி முடிவுகளை விண்டோஸ் முறைக்கு மாற்றிவிட்டது, லினக்ஸில் ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லுக்கு அது புரியாது. டபிள்யூஎஸ்எல்லுக்கு உள்ளேயே, அதன் ஹோம் கோப்புறையிலேயே புதிதாக இறக்குங்கள். சி டிரைவில் வைத்து பில்ட் செய்தால் டபிள்யூஎஸ்எல் 2-இல் வேகம் மிகவும் குறைந்துவிடும், அதற்காகவும் இடம் மாற்றுவது நல்லது.

கே: பென்டிரைவில் கொண்டுவந்த மூலநிரலை பில்ட் செய்தால் 'மேக்இன்ஃபோ' என்ற ஆவணக் கருவி இல்லை என்று நிற்கிறது. என் நண்பருக்கு அதே கோப்பு மேக்இன்ஃபோ இல்லாமலே பில்ட் ஆனதே!

ப: விரித்த கோப்புறையாக நகலெடுத்திருப்பீர்கள். வெளியீட்டுப் பொதியில் ஆவணங்களும் சில இடைக்கோப்புகளும் முன்னரே உருவாக்கி வைக்கப்பட்டவை. நகலெடுக்கும்போது கோப்புகளின் நேரம் குழம்பி, மூலம் புதியது, விளைவு பழையது என்று 'மேக்' கட்டளை எண்ணிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கப் போகிறது. பொதியை அப்படியே கொண்டுவந்து, பில்ட் செய்யும் கணினியில் விரியுங்கள். கிட்டிலிருந்து எடுத்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஃப்ளெக்ஸ் போன்ற கருவிகள் உண்மையிலேயே வேண்டும்.

கே: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் 'மேக்' கட்டளை தன் மேக்ஃபைலையே படிக்க மாட்டேன் என்கிறது.

ப: அங்கே 'மேக்' என்பது பிஎஸ்டி மேக், ஜிசிசிக்கு வேண்டிய க்னூ மேக் அல்ல. 'ஜிமேக்' தொகுப்பை நிறுவி அதைக் கொண்டு ஓட்டுங்கள்.

கே: வெற்றிகரமாக நிறுவிவிட்டேன். ஆனால் புதிய ஜிசிசி 13-இல் உருவாக்கிய நிரல் 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.32 கிடைக்கவில்லை' என்கிறது.

ப: கம்பைலர் புதியது, ஆனால் ஓடும்போது சிக்குவது சிஸ்டத்தின் பழைய சி++ நூலகம். அந்த எண் ஜிசிசி 13.2-ஓடு வந்தது. நீங்கள் நிறுவிய இடத்தில் 'லிப்64' கோப்புறையில் புதிய நூலகம் இருக்கிறது. இணைக்கும்போது 'ஆர்பாத்' ஆப்ஷனில் அந்தப் பாதையைக் கொடுத்தால் நிரலே அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நிரலை வேறு கணினிகளுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் சி++ நூலகத்தை உள்ளேயே இணைத்துவிடும் ஆப்ஷனைப் பயன்படுத்துங்கள். சிஸ்டத்தின் நூலகத்தின் மேல் புதியதை நகலெடுத்து வைக்கும் யோசனையை ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம்.

கே: பழைய ஆய்வு நிரல் ஒன்று ஜிசிசி 4.9-இல் மட்டுமே ஓடுகிறது. புதிய லினக்ஸில் 4.9-ஐ பில்ட் செய்தால் 'யூகான்டெக்ஸ்ட்' என்ற இடத்தில் விழுகிறது.

ப: ஜிலிப்சி 2.26-இல், 2017-இல், அந்த ஸ்ட்ரக்டின் (தரவு அமைப்பின்) பெயர் மாறிவிட்டது. அந்த இடத்தைத் திருத்தினால் அடுத்து, நிரலின் நினைவகப் பிழைகளைக் கண்டறிய உதவும் சானிடைசர் நூலகம் இடறும். '--டிசேபிள்-லிப்சானிடைசர்' கொடுத்து அதைத் தாண்டலாம். ஆனால் இப்படி ஒவ்வொன்றாகத் தைப்பதைவிட, அந்தக் காலத்து டெபியன் லினக்ஸ் கொண்ட கன்டெய்னர் (தனித்து ஓடும் சூழல்) ஒன்றை எடுத்து அதற்குள் பில்ட் செய்வது நேர்மையான வழி. அன்றைய கம்பைலருக்கு அன்றைய சி நூலகமே பொருத்தம். நிறுவியதும் 'ஜிசிசி -வி' தட்டிப் பாருங்கள், எந்த ஆப்ஷன்களோடு கான்ஃபிகர் செய்யப்பட்டது என்று முழு வரியும் வரும். அதையும் கன்டெய்னரின் பெயரையும் ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்து அந்த நிரலைத் தொடுபவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.