தடுப்பூசி போட்ட நாய்க்குட்டியை ஏன் குவாரன்டைனில் அடைக்கிறார்கள்?

"நாயின் பயண ஆவணமான பாஸ்போர்ட்டிலேயே ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி போட்ட தேதி இருக்கிறது, பிறகும் குட்டியை மாதக்கணக்கில் அடைத்து வைப்பது கொடுமை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை லண்டனில் ஒரு கால்நடை மருத்துவரிடம் நான் கத்திக் கேட்டவன்.

மகள் நச்சரிப்பு தாங்காமல் ஆன்லைன் விளம்பரம் பார்த்து ஒரு பிரெஞ்சு புல்டாக் குட்டி வாங்கினோம். ருமேனியாவில் பிறந்தது, பதினாறு வாரம், ஊசியெல்லாம் போட்டாயிற்று என்று பாஸ்போர்ட்டை நீட்டினார் விற்றவர். முத்திரை பளபளவென்று இருந்தது. குட்டியின் முகத்தைப் பார்த்தபிறகு யார் முத்திரையைப் பார்ப்பார்கள்?

மருத்துவர் பாஸ்போர்ட்டைத் தொடவில்லை. வாயைத் திறந்தார். அத்தனையும் பால்பல். "இதற்குப் பத்து வாரம் இருந்தால் அதிகம்" என்றார். நான்கு வாரம் முன்பு ஊசி போட்டதாகக் குறித்திருந்தது. அப்படியானால் ஊசி போட்ட அன்று அதன் வயது ஆறு வாரம்!

பன்னிரண்டு வாரம் ஆகாமல் போட்ட ரேபீஸ் ஊசி கணக்கில் வராது. சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசியின் வேலையை அது கெடுத்துவிடும். ஊசிக்குப் பிறகு 21 நாள் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே பதினைந்து வாரத்துக்குக் குறைந்த எந்தக் குட்டியும் பிரிட்டனுக்குள் முறைப்படி வந்திருக்க முடியாது.

"சரி, ரத்தம் எடுத்துப் பாருங்களேன்" என்றேன். ரத்தப் பரிசோதனை ஊசி பிடித்திருக்கிறதா என்று சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. ரேபீஸ் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஊர்ந்து போகும். அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் செத்தபிறகு மூளையை எடுத்துப் பார்க்க வேண்டும். உயிரோடு வைத்துப் பார்ப்பதென்றால் அடைத்துவைத்துக் காத்திருப்பது ஒன்றுதான் வழி.

ஊரிலிருந்து மாமா போனில் சிரித்தார்: "இங்க தெருநாய் கடிச்சாலே ஊசியப் போட்டுட்டு வேலைக்குப் போறான், மாப்ள!" உண்மைதான். பிரிட்டனோ 1922லேயே நாய் ரேபீஸை ஒழித்த நாடு. 1969ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நாய், ஆறு மாதக் குவாரன்டைனை முடித்து வெளியே வந்தபிறகு இங்கிலாந்தின் கேம்பர்லி ஊரில் அதற்கு வெறி பிடித்துவிட்டது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2008ல் இலங்கையிலிருந்து வந்த ஒரு குட்டிக்கும் ரேபீஸ் இருந்தது. அது லண்டன் குவாரன்டைனுக்குள்ளேயே தெரிந்துவிட்டதால் வெளியே பரவவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த கவுன்சில் அதிகாரி மூன்று வழி சொன்னார்: எங்கள் செலவில் குவாரன்டைன், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது, இல்லையென்றால் ஊசி போட்டு நிரந்தரமாக உறங்க வைப்பது. மூன்றாவதைச் சொல்லும்போது மகள் அறைக்குள் இல்லாதது நல்லதாயிற்று. குவாரன்டைன் நான்கு மாதம் வரை போகலாம் என்றார். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. விற்றவரின் போன் அதற்குள் அணைந்திருந்தது.

கொடுமையா என்றால், கொடுமைதான். தாயை விட்டுப் பிரித்து வேனில் அடைத்து ஐரோப்பாவின் குறுக்கே கடத்திக் கொண்டுவந்தார்களே, அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டில் இருந்த பிறந்த தேதி பொய் என்பதால், குட்டி குவாரன்டைனிலிருந்து வெளியே வந்த நாளில்தான் மகள் வருடாவருடம் கேக் வெட்டுகிறாள்.