கம்பெனி ரிம் எத்தனை கிலோ? கேள்வி பதில்

ரிம் எடை பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். காரோடு கம்பெனியிலிருந்தே வரும் ரிம்களைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு.

அண்ணா, என் 2018 ஸ்விஃப்ட்டில் 14 இன்ச் ஸ்டீல் ரிம். டாப் மாடலின் 15 இன்ச் அலாய் செகண்ட்ஹேண்டில் கிடைக்கிறது. எடை பாதியாகக் குறையுமா?

குறையாது தம்பி. அலாய் என்பது அலுமினியக் கலவை. ஒரு கன செ.மீ. இரும்பு 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம். இதை வைத்துத்தான் எல்லோரும் பாதி, மூன்றில் ஒன்று என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஸ்டீல் ரிம் மெல்லிய தகட்டை அழுத்திச் செய்வது. வார்த்த அலாய் அதே சுமையைத் தாங்க வேண்டுமானால் தடிமனாக இருந்தாக வேண்டும். போதாக்குறைக்கு ஒரு இன்ச் பெரிசு வேறு. கடைசியில் இரண்டும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து எடையில்தான் வந்து நிற்கும். சின்னக் கார்களின் ரிம்கள் பொதுவாக ஆறரையிலிருந்து எட்டரை கிலோவுக்குள் இருக்கும்.

டயரையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுடையது 165/80 ஆர்14, டாப் மாடலில் 185/65 ஆர்15. மொத்த விட்டம் 620 மி.மீ., 622 மி.மீ., கிட்டத்தட்ட ஒன்றுதான். அகலம் மட்டும் 20 மி.மீ. கூடுகிறது, அந்த ரப்பரையும் கார்தான் சுற்ற வேண்டும். அழகுக்காக மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எடைக்காக என்றால் காசு வீண்.

வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. அது போதாதா?

போதாது. பெரும்பாலானவை 100 கிராம் படியில்தான் காட்டும். எட்டு கிலோ மாதிரிக் குறைந்த எடையில் சில மெஷின்கள் விழித்துக்கொள்ளவே செய்யாது. ரிம்மைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி நின்று, அப்புறம் உங்கள் எடையைக் கழிக்கலாம்தான். ஆனால் அப்போது இரண்டு அளவின் பிழையும் சேர்ந்துகொள்ளும், நீங்கள் ஆடுவது தனி.

பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இதைவிட மேல். 10 கிராம் வரை காட்டும். ரிம் எதன் மேலும் உரசாமல் தொங்க வேண்டும், அவ்வளவுதான். நான் சிபாரிசு செய்வது மளிகைக் கடையிலோ பார்சல் ஆபீஸிலோ இருக்கும் மின்னணுத் தராசை. வியாபாரத் தராசுக்குக் காலம் தவறாமல் அரசு முத்திரை வைத்தாக வேண்டும், தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் வேலை. முத்திரையின் தேதியைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ரிம் அகலமாக இருப்பதால் எண் தெரியாமல் மறைத்துவிடும். அதனால் முதலில் ஒரு காலி வாளியைக் கவிழ்த்து வைத்து, பூஜ்யமாக்கி, அதன் மேல் ரிம்மை வையுங்கள். கடைக்காரரிடம் 5 கிலோ எடைக்கல் இருந்தால் ரிம்முக்கு முன்னும் பின்னும் அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஜிம் பிளேட்டை நம்பாதீர்கள். அதில் போட்டிருக்கும் எண்ணும் அதன் உண்மையான எடையும் பல நேரம் ஒத்துப்போகாது.

ஒரே கார், ஒரே டிசைன். நண்பர் எடை போட்டது 7.2 கிலோ, நான் போட்டது 7.9. யார் சொல்வது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம் சார். வார்ப்பிலேயே ரிம்முக்கு ரிம் 100 கிராம் வரை மாறுவது சகஜம். ஒட்டியிருக்கும் பேலன்ஸ் வெயிட், வால்வு, நடு மூடி, காற்றழுத்த சென்சார் இருந்தால் அது, உள்பக்கம் காய்ந்த சேறும் பிரேக் தூசியும் என்று சேர்த்தால் இன்னொரு 200 கிராம் எளிதாக வந்துவிடும். உங்கள் இருவருக்கும் உள்ள 700 கிராம் வித்தியாசம் மட்டும் கொஞ்சம் அதிகம். ரிம்மின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஒரே முகம் கொண்ட டிசைன் 5.5 ஜே, 6 ஜே (எண் இன்ச்சில் அகலம், ஜே விளிம்பின் வடிவம்) என இரண்டு அகலத்தில் வருவதுண்டு. எடையை எழுதும்போது அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முகம் தள்ளியிருக்கும் தூரம்), வால்வு உண்டா, மூடி உண்டா எல்லாவற்றையும் கூடவே எழுதுங்கள். இவை இல்லாத எடையை நான் என் ரிம் எடைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

டயரைக் கழற்றாமல், மொத்த எடையிலிருந்து டயர் கம்பெனி சொல்லும் எடையைக் கழித்தால்?

அது புது டயரின் எடை. ரோட்டில் படும் 8 மி.மீ. ரப்பர் பட்டன் 1.6 மி.மீ. ஆகத் தேய்வதற்குள் ஒரு கிலோவுக்கு மேல் ரப்பர் ரோட்டில் போயிருக்கும். நீங்கள் தேடும் வித்தியாசமே அந்த அளவுதான்! உள்ளே அடைத்த காற்றுக்கும் எடை உண்டு, இந்த அளவு டயரில் 80 கிராம் போல. டயர் மாற்றும் நாள்வரை காத்திருந்து, வெறும் ரிம்மை எடை போடுங்கள்.

சக்கரத்தில் 1 கிலோ குறைந்தால் பாடியில் 10 கிலோ குறைந்த மாதிரி என்கிறார்களே?

காலங்காலமாக ஓடும் கதை. முடுக்கத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்போம். சக்கரம் முன்னே போவதோடு சுற்றவும் வேண்டும். சுற்றும் பங்கு எவ்வளவு என்பதை அதன் எடை மையத்திலிருந்து சராசரியாக எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது தீர்மானிக்கும். 15 இன்ச் ரிம்முக்கு அது 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் ஆரம் 31 செ.மீ. 15-ஐ 31-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.23. அதாவது ரிம்மில் 1 கிலோ என்பது பாடியில் 1.23 கிலோ. டயரின் வெளி விளிம்பில் இருக்கும் ரப்பருக்குக்கூட இது இரண்டைத் தாண்டாது. எனவே லேசான ரிம் தேடுவதற்கு முன் லேசான டயர் தேடுங்கள். குழியில் சக்கரம் துள்ளுவது, சஸ்பென்ஷன் அதை அடக்குவது வேறு விஷயம். அங்கே ரிம் எடை நன்றாகவே தெரியும், ஆனால் அதை ஒரே பெருக்கல் எண்ணில் அடக்க முடியாது.

கம்பெனியே போட்ட ரிம்களில் பெரிய எடைக்குறைப்பு எது?

2015-இல் அறிமுகமான ஃபோர்டு ஷெல்பி ஜிடி350ஆர். அதன் கார்பன் ஃபைபர் ரிம் 18 பவுண்டு, அதே அளவு அலுமினிய ரிம் 33 பவுண்டு என்று ஃபோர்டு சொன்னது. 2.2046-ஆல் வகுத்தால் 8.2 கிலோவும் 15 கிலோவும். 19 இன்ச், 11 இன்ச் அகலம் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் ஹேட்ச்பேக்கின் ரிம் எடையும் அந்த கார்பன் ரிம்மின் 8.2 கிலோ பக்கம்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் தராசு சென்னையில் குறைத்துக் காட்டுமா?

காட்டும், கொஞ்சம்தான். புவியீர்ப்பு சென்னையில் 9.783, ஜெர்மனி பக்கம் 9.81. அங்கே சரிசெய்த தராசில் 8 கிலோ ரிம் இங்கே 22 கிராம் குறைவாகத் தெரியும். எடைக்கல் வைத்துப் பார்த்தால் இதுவும் பிடிபட்டுவிடும்.

ரிம்மின் எடை மையத்திலிருந்து சராசரியாகத் தள்ளியிருக்கும் அந்த 15 செ.மீ.-ஐ வீட்டிலேயே அளக்க வழி இருக்கிறதா அண்ணா?

இருக்கிறது. 2 மீட்டர் நீளத்தில் மூன்று கயிறு. ரிம்மைப் படுக்கை வாக்கில் தொங்கவிடுங்கள். மூன்று கயிறும் மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி, சம இடைவெளியில், நேர்செங்குத்தாக இருக்க வேண்டும். லேசாகத் திருகி விட்டு, 20 ஆட்டங்களுக்கு நேரம் பாருங்கள். ஒரு பக்கம் போய்த் திரும்பி வருவது ஒரு ஆட்டம். ஒரு ஆட்டம் 2.84 விநாடி வந்தால் அந்தச் சராசரித் தூரம் 15 செ.மீ. 10 சதவீதம் கூடுதல் நேரமென்றால் தூரமும் 10 சதவீதம் கூடுதல். ரிம்மின் எடை எவ்வளவானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.