4 லட்சத்தில் அம்பாசடரா, கான்டெஸாவா?

கேள்வி: வைப்பு நிதி முதிர்ந்து 4 லட்சம் கையில் இருக்கிறது. பள்ளத்தூர் வீட்டில் ஒரு பழைய கார் நிற்க வேண்டும் என்று ஆசை. 1.5 பெட்ரோல் அம்பாசடர் 2.4 லட்சத்துக்கும், 1.8 கான்டெஸா 3.5 லட்சத்துக்கும் வருகின்றன. இரண்டும் 30 வயது தாண்டியவை. சென்னையிலிருந்து முன்னோருக்கான படைப்புக்கும் விசேஷத்துக்கும் வரும்போது ஓட்டுவோம். மற்ற நாட்களில் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாமா?

பதில்: ஓட்டத்தில் கான்டெஸாவுக்கு ஈடாக அம்பாசடர் வராது. கான்டெஸாவில் 1817 சிசி இசுசு எஞ்சின், 88 குதிரைத்திறன், 5 கியர், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். அம்பாசடரில் 1489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன், 4 கியர், நான்கிலும் டிரம். திருச்சி சாலையில் லாரியை முந்தும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனாலும் நீங்கள் அம்பாசடரையே வாங்குங்கள்.

மூன்றாம் நபர் காப்பீட்டில் 1500 சிசிதான் எல்லைக்கோடு. அதற்குள் இருந்தால் ஆண்டுக்கு 3,416 ரூபாய், தாண்டினால் 7,897. ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேர்ந்தால் கான்டெஸாவுக்குச் சுமார் 5,290 ரூபாய் கூடுதல். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும், அம்பாசடர் லிட்டருக்கு 10, கான்டெஸா 8 தரும், பெட்ரோல் 100 ரூபாய் என்று கொண்டால் எரிபொருளில் இன்னும் 7,500. ஆக, ஆண்டுக்கு 12,800 ரூபாய் அதிகம். 20 வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000. அது இரண்டுக்கும் ஒன்றுதான்.

உதிரிபாகம்தான் பெரிய செலவு. கான்டெஸா 2002-லேயே நின்றுவிட்டது. அம்பாசடர் 2014 வரை வந்தது. இசுசு எஞ்சின் பிற்கால அம்பாசடரிலும் இருந்ததால் எஞ்சின் சாமான் எப்படியாவது கிடைக்கும். கண்ணாடி, விளக்கு, கதவுத் தகடுக்குத்தான் அலைய வேண்டும். ஒரு முன்கண்ணாடி உடைந்தால் வண்டி மாதக்கணக்கில் முகப்பில் நிற்கும்.

பூட்டிய வீட்டில் நிற்கும் காருக்கு ஓடாமலிருப்பதே கேடு. பெட்ரோல் ஆவியாகி கார்புரேட்டரில் பிசின் கட்டும், வீல் சிலிண்டர் இறுகும், பேட்டரி இறங்கும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அரிக்கும். வாங்கிய வாரமே இரண்டையும் மாற்றுங்கள். ஊரில் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, 15 நாளுக்கு ஒருமுறை 10 கிலோமீட்டராவது ஓட்டச் சொல்லுங்கள்.

வாடகை எண்ணத்தை விட்டுவிடுங்கள். வெள்ளை நம்பர் பலகை மாட்டிய சொந்த வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும், இழப்பீடு உங்கள் தலையில் விழும்.

முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யிலுள்ள (பதிவுச் சான்று) எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். இந்த வயது வண்டிகளில் டீசல் எஞ்சின் மாற்றியவை நிறைய, ஆர்.சி.யில் அது ஏறாமலிருந்தால் புதுப்பிக்க முடியாது. மெக்கானிக்கோடு போய்த் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பின் கமான் பட்டை (ஸ்பிரிங்) மாட்டும் இடத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே தகடு இல்லை, புட்டிதான். அந்த வண்டி வேண்டாம். மீதி 1.6 லட்சத்தில் 60,000 முதலாண்டுப் பழுதுக்கு. பாக்கியைத் திரும்ப வைப்பு நிதியிலேயே போடுங்கள்.