கேள்வி நேரம்: இரும்புப் பெட்டிக்குள்ள போனதும் 'ம்ம்ம்'னு ஹம் அடிக்குது!

கேள்வி: சார், ரெண்டு டிடிஏ7294 ஐசி போர்டு வச்சு ஸ்டீரியோ ஆம்ப் பண்ணிருக்கேன். பலகை மேல விரிச்சு வச்சு டெஸ்ட் பண்ணப்ப சுத்தமா இருந்துச்சு, மெட்டல் கேபினெட்ல மாட்டினதும் ஹம். கடையில கேட்டா பாட்டு வயர் செருகுற ஆர்சிஏ சாக்கெட்ட கோல்டு பிளேட்டிங்ல போடு, சரியாயிடும்ங்கறாங்க. இன்சுலேட்டட் சாக்கெட் வேற தனியா இருக்காமே, எது வாங்கட்டும்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: கோல்டுக்கும் ஹம்முக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. தங்க முலாம் துரு பிடிக்காம இருக்கத்தான், அந்தக் காச வச்சு நல்ல ஷீல்டு வயர் வாங்குங்க. நீங்க பாக்க வேண்டியது சாக்கெட்டோட வெளி வளையம் பெட்டியத் தொடுதா இல்லையாங்கறது மட்டும்தான். அந்த வளையம்தான் சிக்னல் கிரவுண்டு, சாதா மெட்டல் சாக்கெட்ட நட்டு போட்டு முறுக்கினா அது அப்படியே பாடியோட சேந்துரும், லெஃப்ட் ஒரு இடத்துல ரைட் ஒரு இடத்துல, பவர் சப்ளைலேர்ந்து வர்ற கிரவுண்டு வேற ஒரு ஸ்க்ரூ வழியா இன்னொரு இடத்துல, இப்படி மூணு நாலு பக்கம் தொட்டா அது ஒரு வளையமாயிடும், டிரான்ஸ்ஃபார்மரோட காந்தப்புலம் அதுல 50 ஹெர்ட்ஸ ஏத்திவிடும், அதத்தான் ஸ்பீக்கர்ல கேக்குறீங்க. பலகையில அந்தத் தொடர்பு இல்ல, அதான் சத்தமும் இல்ல.

சந்தேகமா இருந்தா சாக்கெட்ட பேனல்லேர்ந்து கழட்டி அந்தரத்துல தொங்கவிட்டுக் கேட்டுப் பாருங்க. ஹம் நின்னா ஆள் இவன்தான். நிக்கலன்னா வேற பக்கம் தேடணும், அதுலயும் கொஞ்சம் கரகரன்னு 100 ஹெர்ட்ஸ்ல வந்தா பவர் சப்ளை பக்கம் போங்க.

வாங்கும்போது ரெண்டு வழி. சிவப்பு வெள்ளை ரெண்டும் ஒரே பிளாஸ்டிக் பட்டையில வர்ற சாக்கெட் விலையும் கம்மி வேலையும் சுலபம், ஓட்டைய மட்டும் தாராளமா போட்டுடுங்க, வளையம் ஓரத்துல உரசக் கூடாது. தனித்தனியா வேணும்னா நைலான் வாஷரோட வர்றத வாங்குங்க, ஆனா வாஷர் தட்டையா இருந்தா பிரயோஜனமே இல்ல, நடுவுல படி மாதிரி ஒரு மேடு இருக்கணும், அந்த மேடு ஓட்டைக்குள்ள உக்காந்தாதான் மரை தகட்டத் தொடாது. ஓட்டை அளவு மரைக்கு இல்ல, மேட்டுக்கு. மரை 6 மில்லின்னா ஓட்டை அனேகமா 8 மில்லி வரும், எதுக்கும் வாஷர அளந்துட்டே டிரில் பிடிங்க. பெயிண்ட் அடிச்சிருக்கேன் அதுவே இன்சுலேஷன்னு நம்பிடாதீங்க, நட்ட முறுக்கும்போது பெயிண்ட் பேந்துரும்.

மாட்டினதும், வயர சால்டர் பண்றதுக்கு முன்னாடி மல்டிமீட்டர பீப்ல வச்சு ஒரு முனைய வளையத்துலயும் இன்னொண்ண தகட்டுலயும் வைங்க, பீப் வரக் கூடாது. அனோடைஸ் பண்ண அலுமினியம்னா மேல்பூச்சே கரண்ட் கடத்தாது, சும்மா தொட்டுப் பாத்தா எல்லாமே நல்லா இருக்கற மாதிரி காட்டும், அதனால உள்பக்கம் ஒரு இடத்துல சுரண்டிட்டு பாருங்க. இன்னொண்ணு, மெட்டல் பாடி தடி பிளக் போட்டா அதோட கூடு பேனல்ல இடிக்கும், அப்புறம் வாஷர் போட்டதே வீண். சாக்கெட் கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருக்கட்டும்.

இன்சுலேட் பண்ணிட்டோம்னு பெட்டிய அப்படியே தொங்கல்ல விடக் கூடாது. த்ரீ பின்ல வர்ற பச்சை எர்த் வயர் நேரா பெட்டிக்குப் போகணும், ரிங் லக், பல் வாஷர் போட்டு, பெயிண்ட சுரண்டி, தனி போல்ட்ல. இது உயிர் சமாச்சாரம், ஹம் போகுதேன்னு எர்த் பின்ன கழட்டி விடறவங்கள பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். சிக்னல் கிரவுண்டு எல்லாம் பவர் சப்ளை கப்பாசிட்டர் கிட்ட ஒரே புள்ளியில கூடி, அங்கேர்ந்து ஒரே ஒரு வயர் பெட்டிக்கு. எர்த் உள்ள டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்ல செருகும்போது மட்டும் ஹம் திரும்ப வந்தா, அந்த ஒரு வயருக்குப் பதிலா 10 ஓம் ரெசிஸ்டர், அதுக்கு பேரலலா 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (நாலு டயோடு ஒண்ணா சேந்தது) போடுங்க. பிரிட்ஜோட ப்ளஸ் மைனஸ ஒண்ணா சேத்துட்டு ரெண்டு ஏசி காலையும் ரெண்டு பக்கம் குடுக்கணும்.

அப்புறம் டிடிஏ7294 முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோட உள்ளயே இணைஞ்சது, ஹீட்சிங்க் பெட்டியத் தொடுதுன்னா நடுவுல மைக்கா தாளும் ஸ்க்ரூவுக்கு இன்சுலேட்டிங் புஷ்ஷும் கட்டாயம்.

கேள்வி: ஸ்பீக்கர் டெர்மினலுக்கும் இன்சுலேஷன் வேணுமா? கறுப்பு கிரவுண்டுதானே? என்கிட்ட இருக்கறது டிபிஏ3116 ஆம்ப் போர்டு.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்க போர்டுல கறுப்பு கிரவுண்டு இல்லம்மா. அது பிரிட்ஜ் வகை, ஸ்பீக்கரோட ரெண்டு வயர்லயும் அவுட்புட் இருக்கு, கறுப்பு பெட்டியத் தொட்டா ஷார்ட். டிடிஏ7297ம் அப்படித்தான். அதனால நாலு டெர்மினலும் இன்சுலேட்டடா இருக்கணும். 3 மில்லி தடிமன் தகடுன்னா ரெண்டு பக்க வாஷர் மேடும் நடுவுல சந்திக்குதான்னு பாருங்க, சந்திக்கலன்னா இடைவெளில இன்சுலேஷன் ஸ்லீவ் ஒரு துண்டு வெட்டிப் போடுங்க. டிசி ஜாக்கும் மெட்டல் வகை வேணாம், மைனஸ பாடில கொண்டு போய் சேத்துரும், பிளாஸ்டிக்கே போதும்.