நாம் நட்ட மரங்களைத் தேடி வந்தவை

கேள்வி: மெல்பர்னில் குடியிருக்கிறோம். கோடை மாலைகளில் பெரிய வௌவால்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன, குளிர்காலத்தில் அருகிவிடுகின்றன. தம் சிறுவயதில் இவற்றைக் கண்டதே இல்லை என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். இந்தப் படையெடுப்பு எதனால்? அத்தி மரத்துக்கு வலை கட்டலாமா?

பதில்: பெரியவர் சொல்வது சரி. படையெடுப்பு என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இது சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால். நம் ஊர் ஆலமரங்களில் தொங்கும் பழந்தின்னிக்கு நெருங்கிய சொந்தம். முன்பெல்லாம் மெல்பர்னுக்கு எப்போதாவது வந்துபோகும். 1986 முதல் தாவரவியல் பூங்காவில் ஆண்டு முழுவதும் தங்கத் தொடங்கியது. மரங்கள் பாழாகின்றன என்று 2003இல் ஒலியெழுப்பி விரட்டினார்கள். யாரா பெண்ட் ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்தது. வடக்கே அதன் காடுகளை வெட்டியதும், இங்கே தெருவெல்லாம் யூகலிப்டஸும் அத்தியும் நட்டுக் கோடையிலும் தண்ணீர் ஊற்றியதும் மனிதர்கள்தாம். நகரத்தின் குளிரும் முன்போல் இல்லை. இலையுதிர்காலம் முடிந்ததும் பெரும்பகுதி பூக்களைத் தேடி வடக்கே போய்விடும். அதனால்தான் குளிர்காலத்தில் குறைவாகத் தெரிகின்றன.

வெயில் கொளுத்தும் நாளில் அந்த ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். தாழப் பறந்து வயிற்றால் நீரை உரசி எழும். பிறகு கிளையில் தொங்கியபடி ஈர மயிரை நக்கித் தாகம் தீர்க்கும். கழுத்தைச் சுற்றிய செம்பழுப்பு மயிர் அப்போது பளிச்சென்று தெரியும். வெப்பம் 42 டிகிரியைத் தாண்டினால் தாங்காது. 2019 டிசம்பர் வெயிலில் அங்கே ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும் என்பதால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.

வலை கட்டலாம், ஆனால் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. விக்டோரியாவில் 2021 முதல் இது சட்டம். விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். சிக்கிய வௌவால் இறக்கை கிழிந்து துடிக்கும். கீழ்க்கிளைகளை மட்டும் மூடி, உச்சிப் பழங்களை அதற்கே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிக்கியிருந்தால் தொடாமல் வனவிலங்கு மீட்பாளர்களை அழையுங்கள். வெறிநாய்க்கடி (ரேபிஸ்) நோய்க்கிருமிக்கு நெருங்கிய லிசா வைரஸ் அதனிடம் இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அடிலெய்டிலும் பார்த்தேன். அதே இனமா?

பதில்: அதேதான். 2010 முதல் அங்கே தங்குகிறது. இப்போது நகர மையத்தை ஒட்டிய பூங்காவில் இருக்கிறது. மெல்பர்னைவிடக் கடுமையான வெயில் அங்கே. கோடை வந்தாலே எனக்குக் கவலைதான்.